மெஷின் தின்னாத கல்

எங்கள் அணை வேலையில் என் மச்சானுக்கு ஊமைவெடி என்று பேர். வெடி வைத்துப் பிழைக்கிறவருக்கு இப்படி ஒரு பேர் இருந்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர் வைத்த வெடி ஒன்றுகூட ஊமையாகப் போனதில்லை. வாய்தான் ஊமை. வீடு தீப்பிடித்தால்கூட அவர் தொண்டையைச் செருமி, தலையைச் சொறிந்து, "ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பிப்பதற்குள் கூரை இறங்கிவிடும்.

நான் அவர் தங்கையைக் கட்டியவன். பாறையில் துளை போடும் மெஷின் என் கையில். நான் குழி போடுவேன், அவர் அதில் மருந்தை நிரப்புவார். மச்சானுக்குக் குழி தோண்டுவதையே உத்தியோகமாக வைத்திருக்கிற ஒரே மாப்பிள்ளை நான்தான் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

மச்சான் வேலை செய்வதைப் பார்த்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறை மேல் நடப்பார். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவது மாதிரி உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு சிவப்புச் சாயத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் ஒரு எறும்பு நின்றால் அது நகரும்வரை மெஷினைப் போட விடமாட்டார். வெடிக்கும் நாளில் சைரன் ஊதியதும் தானே மலையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஆடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர், பாறை நிழலில் படுத்திருக்கிற சோம்பேறி, யாராக இருந்தாலும் எழுப்பிக் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடுவார். ஒருமுறை ஒரு தெருநாய் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. அதற்கு பிஸ்கட் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். இன்ஜினியர், மேஸ்திரி, லாரிக்காரர்கள் எல்லோரும் அந்த நாய் சாப்பிட்டு முடிக்கிறவரை காத்துக்கிடந்தோம்.

வெடி வைக்கிற லைசென்ஸ் அவருக்கு லேசில் கிடைக்கவில்லை. பரீட்சையில் அவர் எழுதுகிற வேகத்துக்கு, முதல் கேள்விக்குப் பதில் முடியும்போது வாத்தியாருக்கே பென்ஷன் வந்திருக்கும். திரும்பத் திரும்பப் போனார். தலை நரைத்த பிறகுதான் வாங்கினார். அன்றிலிருந்து அது பிளாஸ்டிக் உறைக்குள், சட்டைப் பைக்குள், நெஞ்சோடு ஒட்டியே இருக்கும். அக்கா, அதாவது அவர் மனைவி, "என்னையும் இப்படி ஒரு கவர்ல போட்டு வெச்சிருந்தா நானும் கசங்காம இருந்திருப்பேன்" என்பாள்.

சரி, அணை விஷயத்துக்கு வருகிறேன். கீழே இருக்கிற நகரத்துக்குக் குடிதண்ணீர் இந்த நீர்த்தேக்கத்திலிருந்துதான் போகிறது. நகரம் வீங்கிக்கொண்டே போகிறது, தண்ணீர் போதவில்லை. அதனால் கரையை உயர்த்தி நீர்த்தேக்கத்தைப் பெரிதாக்குகிறார்கள். அதற்கு வேண்டிய கல்லை நீர்த்தேக்கத்தின் ஓரத்து மலையிலேயே உடைத்து, மெஷினில் அரைத்து, கரையில் கொட்டுகிறோம். கல் எடுத்த பள்ளத்திலும் பின்னால் தண்ணீர் நிற்கும். வேலி போட்ட இடத்துக்குள்ளேயே பிறந்து, உள்ளேயே அரைபட்டு, உள்ளேயே அடக்கமாகிற கல்.

அன்றைக்கு மத்தியானம் எல்லாக் குழியிலும் மருந்து போட்டாகிவிட்டது. மருந்தைத் தட்டி எழுப்புகிற கேப்பு உள்ளே, அதன் கம்பி வெளியே. ஒவ்வொரு கம்பியையும் மச்சான் முறுக்கி இணைத்து முடித்தார். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மாடியில் யாரோ பீரோவை இழுப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"மாப்ள, சைரன ஊதச் சொல்லு. வானம் சரியில்ல" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போல வந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

சைரன் பொத்தானில் கை வைக்கும்போதுதான் ஜீப் வந்து நின்றது. சுரங்க இலாகா மேடம் இறங்கினார். ஒல்லியான உடம்பு, ஒரு பெரிய ஃபைல், களைத்த முகம்.

"வேலைய நிறுத்துங்க. துளை போடுறது, வெடிக்கிறது, அள்ளுறது எதுவும் கூடாது. உத்தரவு" என்று காகிதத்தை இன்ஜினியரிடம் நீட்டினார்.

"எதுக்கு மேடம்? இது அணை வேலை."

"அணை வேலை சரி. இங்க நடக்குறது கல்லு எடுக்குற வேலை. சுரங்க பர்மிட் எங்க?"

இன்ஜினியருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "வீடு கட்டுறவன் அஸ்திவாரம் தோண்டினா பர்மிட் கேப்பீங்களா? நீர்த்தேக்கத்தப் பெருசு பண்ணத் தோண்டுறோம். தோண்டுன கல்ல அந்தக் கரையில போடுறோம். என் சட்டைப் பையிலேர்ந்து எடுத்து என் பேண்ட் பையில போட்டா அது வியாபாரமா?"

"அஸ்திவாரம் தோண்டுறவர் மலைய வெடி வெச்சுப் பொளந்து, மெஷின்ல அரைச்சு, சைஸ் பாத்துக் குவிக்கிறதில்ல சார். பக்கத்து மலையில குவாரி வெச்சிருக்கவரு புகார் குடுத்திருக்காரு. அதே கல்லு, அதே வெடி, அதே தூசி. அவரு மட்டும் பர்மிட்டுக்கு நடையா நடக்கணும், உங்களுக்கு வேண்டாமா?"

எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. என் தலை டேபிள் ஃபேன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது.

மச்சான் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்ன விஷயம்..."

"நீங்க இருங்க" என்றார் இன்ஜினியர்.

"இல்ல சார். குழியில மருந்து இருக்கு."

மேடம் திரும்பிப் பார்த்தார். "எடுத்துடுங்க."

"உள்ள போனது வெளிய வராது மேடம். தோண்டி எடுக்கப் போனா, எடுக்கப் போன ஆளு வரமாட்டான்." வானத்தைக் கை காட்டினார். "மின்னல் பக்கத்துல எங்க விழுந்தாலும் போதும். கேப்பு தானா எந்திரிச்சுக்கும். நான் சொல்ற நேரத்துல வெடிச்சா அது என் வெடி. அதுவா வெடிச்சா யாரு தலையிலன்னு யாருக்கும் தெரியாது."

மேடத்தின் முகத்தில் இருந்த களைப்பு காணாமல் போனது. "அப்ப எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

அனுப்பினோம். அரைக்கிற மெஷின் நின்றது. லாரிகள் கேட்டுக்குக் கீழே இறங்கின. ஆனால் மச்சான் அந்தப் பாறைச் சரிவைவிட்டு நகரமாட்டேன் என்றார். மலைக்குப் பின்னாலிருந்து நாலைந்து ஒற்றையடிப் பாதைகள் வருகின்றன. மழை வந்தால் ஆடு மேய்க்கிறவர்கள் குறுக்கே ஓடி வருவார்கள். மருந்து போட்ட குழியைக் காவல் இல்லாமல் விடக்கூடாது என்பதுதான் லைசென்ஸில் முதல் விதி.

"நீ போ மாப்ள. என் தங்கச்சிக்கு நீ ஒருத்தன்தான் இருக்க, வேற கெடைக்காது" என்றார்.

"எனக்கும் மச்சான் நீங்க ஒருத்தர்தான். இன்னொண்ணு கடையில விக்கிறாங்களா?" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். பல் தந்தியடித்தது.

இன்ஜினியர் கத்தினார். "யோவ், பட்டனை அமுக்கித் தொலையேன்!"

"உத்தரவு கையில குடுத்தாச்சு சார். மீறி வெடிச்சா லைசென்ஸ் போயிடும்." மச்சான் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "லைசென்ஸ் போனாலும் பரவாயில்ல. ஆனா இன்னிக்கு ஒருதடவ மீறினா, நாளைக்கு எந்த உத்தரவயும் நான் மதிக்கமாட்டேன். வெடிக்காரன் அப்படி ஆகக்கூடாது."

மேடம் போனை எடுத்துத் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். அந்தக் குரல் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிற குரல். எங்களுக்கோ நெற்றி வேர்த்து வழிகிறது.

மேடம் சுருக்கமாகச் சொன்னார். அந்தக் குரல் யோசித்தது. "ஒரே ஒரு கேள்விதான்மா. அங்க எடுத்த கல்லு மொத்தமும் அணைக்குள்ளயே இருக்குதா? இருந்தா அது கட்டுமான வேலை. நம்ம இலாகாவுக்குச் சம்பந்தமில்ல, உத்தரவ நிறுத்தி வை, வெடிச்சுக்கட்டும். ஒரு கல்லாவது வெளிய போயிருந்தா அது குவாரி. பர்மிட் இல்லாத குவாரி. அப்ப யாரும் எதையும் தொடக்கூடாது, காலையில வெடிமருந்து நிபுணர் வருவாரு. நல்லா விசாரிச்சுட்டுச் சொல்லு."

மேடம் இன்ஜினியரைப் பார்த்தார். "வெளிய போச்சா?"

"ஒரு கூழாங்கல்கூடப் போகல. கேட் வாட்ச்மேனைக் கேளுங்க."

வாட்ச்மேன் தலையை ஆட்டிய வேகத்தில் தொப்பி கழன்று விழுந்தது. "போகல மேடம்! என் கண்ணு முன்னால ஒரு தூசிகூடத் தாண்டினதில்ல!"

"நீங்க சொல்லுங்க." மேடம் மச்சானிடம் கேட்டார்.

நான் பெருமூச்சு விட்டேன். முடிந்தது, சைரன் ஊதலாம் என்று பொத்தானை நோக்கிக் காலை எடுத்து வைத்தேன்.

மச்சான் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணு போயிருக்கு மேடம்."

இடி விழுந்திருந்தால்கூட நாங்கள் அப்படி நின்றிருக்க மாட்டோம்.

"எங்க வீட்டுப் பின்பக்கம் இருக்கு. துணி தொவைக்கிற கல்லு."

இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைத் தூக்கி வைத்ததே நான்தான்! வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, "அக்காவுக்கு நல்லா அமைஞ்சுதுப்பா" என்று வாழ்த்தி அனுப்பியவர். இன்ஜினியர், கல்லைத் தூக்கிப்போன லோடர் வண்டிக்கு டீசல் கொடுக்கக் கையெழுத்துப் போட்டவர். எங்களில் யாரும் பொய் சொல்லவில்லை, சத்தியமாக. அரைக்கிற மெஷினின் வாய்க்குள் நுழையாத பெரிய கல்லை எங்கள் வேலையில் யாரும் கல் என்று நினைப்பதே இல்லை. அது இடைஞ்சல். அதை ஓரமாகத் தள்ளுவோம், இல்லாவிட்டால் இன்னொரு சின்ன வெடி வைத்துச் சில்லாக்குவோம். மெஷின் தின்றால்தான் கல். அந்தக் கல் மட்டும் வெண்ணெயை அறுத்த மாதிரி ஒரு பக்கம் வழவழவென்று வந்து விழுந்தது. சில்லாக்க மனசு வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனோம். பட்டப்பகலில், பாட்டுப் பாடிக்கொண்டு.

"ஏன்யா, இப்பப் போயி அதச் சொல்லணுமா?" இன்ஜினியரின் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"மேடம் கேட்டாங்க" என்றார் மச்சான்.

போனில் அந்தக் குரல், "என்னம்மா, என்ன சொல்றாங்க?" என்றது.

மேடம் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விசாரிச்சுக்கிட்டிருக்கேன் சார். கூப்பிடுறேன்" என்று போனை வைத்தார். என் பக்கம் திரும்பினார். "நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா நான் அவருக்குப் பதில் சொல்ற நேரத்துல அந்தக் கல்லு எங்க இருக்கோ, அதத்தான் சொல்லுவேன். புரியுதா?"

எனக்குப் பள்ளிக்கூடத்தில் எதுவும் புரிந்ததில்லை. இது மட்டும் பளிச்சென்று புரிந்தது. லோடரில் ஏறினேன்.

அந்த லோடர் நடக்கிற வேகத்துக்கு நத்தை ஹார்ன் அடித்து முந்திக்கொண்டு போகும். அன்றைக்கு அதை விரட்டிய விரட்டில் அதற்கே தான் யார் என்று சந்தேகம் வந்திருக்கும். சந்து திரும்பும்போது ஒரு சைக்கிள்காரர் சாக்கடையில் குதித்தார். மன்னிப்புக் கேட்கக்கூட நேரமில்லை. பின்னால் வானம் வெட்டி வெட்டிப் பளிச்சிட்டது. ஒவ்வொரு பளிச்சுக்கும் மலைப் பக்கம் காதை வைத்தேன். சைரன் ஊதாமல் ஒரு சத்தம் வந்தால் அது எதுவென்று எனக்குத் தெரியும்.

அக்கா கல்லில்தான் இருந்தாள். போர்வை, பாவாடை, மச்சானின் காக்கிச் சட்டை என்று வாரத்துத் துணியெல்லாம் சோப்பு நுரையோடு குவிந்திருந்தது.

"அக்கா, எந்திரி! கல்லு வேணும்!"

"எதுக்கு, உன் மண்டையில போடவா? லோடர நிறுத்துடா, செடியெல்லாம் நசுங்குது."

"அணைக்குத் திருப்பிக் குடுக்கணும்க்கா."

"குடுத்தத வாங்குறதுக்கு உங்க மச்சானுக்கு வெக்கமா இல்ல? கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த மனுசன் எனக்குன்னு கொண்டாந்தது இது ஒண்ணுதான். புடவையில்ல, வளையல் இல்ல, கல்லு! அதுவும் போகணுமா? அப்ப உன் முதுகக் காட்டு, அதுல தொவைக்கிறேன்."

"மச்சான் மருந்து போட்ட குழி பக்கத்துல நிக்கிறார்க்கா. இந்தக் கல்லு கேட்டுக்குள்ள போனாத்தான் வெடிக்க முடியும். இல்லன்னா..." நான் வானத்தைக் காட்டினேன்.

அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெடிக்காரர் பெண்டாட்டிக்கு விளக்கம் தேவையில்லை. துணியெல்லாவற்றையும் வாரி வாளியில் அமுக்கினாள். கடப்பாரையைக் கொண்டுவந்து அவளே கல்லைச் சுற்றிக் குத்தினாள். மச்சான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவரா? சிமெண்ட் போட்டு, பூமியோடு தாலி கட்டி வைத்திருந்தார். லோடரின் கரண்டி கீழே நுழைய மறுத்தது. வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு குதிரை மாதிரி நின்றது. அக்கா கடப்பாரையின் மேல் ஏறி நின்று மிதித்தாள். "வா... வந்து தொலை..." என்று அவள் பல்லைக் கடித்ததில் கல் பயந்துபோயிருக்க வேண்டும். பாதித் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்தது.

"ஓட்டு" என்றாள். வாளியோடு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

வழி நெடுக அவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. சோப்புத் தண்ணீர் வாளியிலிருந்து தளும்பி என் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தது. பம்ப் ஹவுசுக்கு மேலே ஒரு மின்னல், கண்ணில் ஊசியால் குத்தியது மாதிரி. கூடவே சத்தம். அக்கா என் கையைப் பிடித்தாள். ஸ்டியரிங் பிடித்திருந்த கையை. இரண்டு பேரும் மலையைப் பார்த்தோம். மலை அப்படியே இருந்தது.

கேட்டில் மேடம் நடுரோட்டில் நின்று, வா வா என்று கையை வீசிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் பழக்கதோஷத்தில், "வண்டியில என்ன லோடு?" என்று கேட்டுவைத்தார். அக்கா பார்த்த பார்வையில் கேட் தானாகத் திறந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பின்சக்கரம் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. மேடம் கல்லைத் தன் கையால் தொட்டுப் பார்த்தார். போனை எடுத்தார்.

"சார், ஒரு கல்லு போயிருந்துச்சு. திரும்பி வந்துருச்சு. இப்ப எடுத்த கல்லு மொத்தமும் அணைக்குள்ளதான் இருக்கு. நான் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம். எனக்கு அது ஒரு மழைக்காலம் அளவுக்கு நீண்டது. "சரி. வெடிக்கச் சொல்லு. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

சைரன் பொத்தானை நான் அமுக்கிய அமுக்கில் அது உள்ளேயே போய்விட்டது. எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் ஓடினோம். மச்சான் மட்டும் சுற்றி வரக் கிளம்பினார்.

"இப்பவுமா? எல்லாரும் போயாச்சு சார்!" மேடமே கத்திவிட்டார்.

அவர் திரும்பவில்லை. தலைக்கு மேல் வானம் உறுமுகிறது. அந்த மனுஷர் வழக்கம்போல ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துக்கொண்டு போகிறார். அக்கா வாளியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நின்றாள். பிறகு மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் வந்தார். தோளில் ஒரு ஆட்டுக்குட்டி. பின்னால் அதைத் தேடி வந்த ஒரு கிழவர்.

மேடம் ஒதுங்கி வழிவிட்டார்.

கொட்டகைக்குள் வந்து, கிழவரை உட்கார வைத்து, குட்டியை அவர் மடியில் விட்டார். வெடிப்பெட்டியின் சாவியைத் திருகினார். பொத்தான்.

பூமி ஒருமுறை தோளைக் குலுக்கியது. மலையின் அந்த முகம் அப்படியே முன்னால் சாய்ந்து, சோம்பல் முறித்த மாதிரி சரிந்தது. தூசி எழுந்து எங்களை மூடியது. அந்தத் தூசி அடங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லாக் குழியும் வெடித்ததா என்று பார்க்க மச்சான் முதல் ஆளாக மழைக்குள் போனார். வந்து தலையாட்டினார். அவ்வளவுதான். இன்ஜினியர் அவரைக் கட்டிப்பிடித்ததில் சட்டைப் பையில் இருந்த லைசென்ஸ் உறை நசுங்கியது. மச்சான் பதறி எடுத்துத் துடைத்தார்.

அப்போதுதான் "அங்க என்ன சத்தம்?" என்று மேடம் கேட்டார்.

கேட்டுக்கு உள்ளே, லோடர் இறக்கி வைத்த இடத்தில், கொட்டுகிற மழையில் அக்கா அந்தக் கல்லில் போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"கல்லு வெளிய போகல மேடம். துணிதான் உள்ள வந்திருக்கு."

இதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. அந்த ஒரு வெடியோடு வேலையை நிறுத்தி வைத்தார்கள்; இலாகாவின் தீர்ப்பு வருவதற்குள் எங்கள் மெஷினில் குருவி கூடு கட்டிவிட்டது. அணைக்குள்ளேயே எடுத்து அணைக்கே போடுகிற கல்லுக்குச் சுரங்க பர்மிட் வேண்டாம், வேலியைத் தாண்டினால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். பக்கத்து மலை முதலாளி மேலே அப்பீல் போயிருக்கிறார். மச்சானுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். லைசென்ஸ் தப்பித்தது.

கல் இன்னும் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வாரத் துணியோடு அக்கா அங்கேதான் வருகிறாள். முடித்துவிட்டுக் கிளம்பும்போது என் மச்சான் கேட்டில் வந்து நிற்பார்.

"வாளியக் கவுத்துக் காட்டு" என்பார், சொந்தப் பெண்டாட்டியிடம்.

அவள் வாளியை அவர் காலடியில் கவிழ்ப்பாள். ஈரத்துணி எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்து உதறி, ஒரு கூழாங்கல்கூட ஒட்டிக்கொண்டு போகவில்லை என்று பார்த்து, மடித்து உள்ளே வைப்பார். பிறகு வாளியைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் வீட்டுக்கு நடப்பார். வழி நெடுக அவள் திட்டிக்கொண்டே போவாள்.

ஒரு வார்த்தை பதில் வராது.